அப்பாவின் பிரஷ் ஏன் நுரைக்கவில்லை?

தந்தையர் தினமும் தீபாவளியும் நெருங்கும்போது எங்கள் வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு ஒரே கேள்வி பல குரல்களில் வரும்: "அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" சட்டை, கைக்கடிகாரம், பணப்பை எல்லாம் வாங்கிச் சலித்த பிள்ளைகள் கடந்த சில ஆண்டுகளாக இன்னொன்றைச் சொல்கிறார்கள். முகச்சவரப் பெட்டி. உள்ளே ஒரு ரேஸர், ஒரு சோப்புக் கிண்ணம், நடுவில் ராஜா மாதிரி நிற்கும் ஒரு பேட்ஜர் பிரஷ். பார்க்க அழகு. விலையும் அதற்கேற்றபடிதான்.

வாங்கிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரும் குரல்பதிவுகள் வேறு மாதிரி இருக்கும். "முகத்துல குத்துதுங்க." "நுரையே வரல." "நனைச்சா ஒரு வாடை." "தினமும் முடி கொட்டுது." பிறகு அந்தப் பிரஷ் குளியலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அப்பா பழையபடி டப்பா நுரைக்குத் திரும்பிவிடுவார்.

இந்த நான்கு புகார்களும் ஒரே பிரஷில் எங்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் நிலைமையில் அதைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட முடியவில்லை. அதனால் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். எது பிரஷின் குறை, எது சோப்பின் குறை, எது கைப்பழக்கம், எதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நிமிடப் பயிற்சி

சென்ற ஆண்டு என் அப்பாவுக்கு இலேசான பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் முரண்டு பிடித்தது. மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சை அளித்தவர் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரப்பர் பந்தை அமுக்குவது மட்டும் போதாது. சட்டைப் பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது, தலை வாருவது என அன்றாட வேலைகளை அந்தக் கையாலேயே செய்யப் பழக வேண்டும். கைப்பிடி தடிமனாக இருந்தால் பிடிப்பதும் எளிது.

அப்பா தபால் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சவரம் செய்யாத முகத்தோடு வாசல் தாண்டிப் பார்த்ததில்லை. நோய்க்குப் பிறகு இரண்டு மாதம் தாடி வளர்ந்தது. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதால் சிறு கீறல்கூட அதிக நேரம் கசியும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மின்சவரக் கருவிதான் பாதுகாப்பு என்றார். அப்பாவுக்கு அதன் சத்தமே பிடிக்காது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு மருத்துவர் சம்மதித்தார். முகத்தில் நுரை போடுவது அப்பா, தன் வலது கையால். ரேஸர் என் கையில், மெதுவாக, முடி வளரும் திசையில் மட்டும்.

அக்கா அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பேட்ஜர் பிரஷ் வாங்கி வந்தார். உருண்டையான, தடித்த கைப்பிடி. விலை 260 ரிங்கிட். பிரஷை முகத்தில் வட்டமாகச் சுற்றும் அந்த இரண்டு நிமிடம்தான் அப்பாவின் கைக்கு அன்றைய பயிற்சி. காலை நிகழ்ச்சி முடித்து நான் வீடு திரும்பும் பதினொரு மணிதான் எங்கள் வீட்டில் சவர நேரம்.

மூன்றாம் நாள் அப்பா பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "துடைப்பத்தால முகத்தத் தேய்க்கிற மாதிரி இருக்குடா. வேணாம். மெஷினாலயே வழிச்சு விட்டுடு." பிரஷை வைத்தால் பயிற்சியும் நின்றுவிடும். அதனால்தான் இவ்வளவு மெனக்கெட்டோம்.

பெட்டியில் எழுதியிருப்பது என்ன?

பேட்ஜர் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. தமிழில் வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். பெயரில் கரடி இருந்தாலும் அது நீர்நாயின் சொந்தக்காரன். அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். நுனி மெல்லியது, இடையில் கறுப்புப் பட்டை ஓடும். அதனால்தான் சவரப் பிரஷ்களில் அதற்கு உயர்ந்த இடம். இன்று சந்தைக்கு வரும் பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது.

பெட்டியின் மேல் பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். பியூர் என்றதும் சுத்தமான, உயர்ந்த ரகம் என்றுதான் நமக்குத் தோன்றும். நெய்யும் தேனும் வாங்கிப் பழகிய கண்ணல்லவா! இந்த வியாபாரத்தில் பியூர் என்பது பொதுவாக ஆரம்ப ரகம்: முடி சற்றுத் தடித்தது, கறுத்தது, முரடானது. பெஸ்ட் அதற்கு அடுத்தது. சூப்பரும் சில்வர்டிப்பும் நுனி வெளுத்த, மென்மையான மேல்ரகங்கள். இந்தப் பெயர்களுக்கு உலகம் முழுவதும் பொதுவான தரச்சான்று எதுவும் இல்லை. ஒரு தயாரிப்பாளரின் பெஸ்ட், இன்னொருவரின் சூப்பராக இருக்கலாம்.

போலிகளும் உண்டு. செயற்கை இழைக்குப் பேட்ஜர் போலவே பட்டை தீட்டி விற்பார்கள். செயற்கை என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை. சொல்லாமல் விற்றால் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிரஷிலிருந்து தானாக உதிர்ந்த ஒரே ஒரு முடியை இடுக்கியால் பிடித்து, கைகழுவும் தொட்டிக்கு மேல் நெருப்பில் காட்டுங்கள். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். செயற்கை இழை உருகிச் சிறு மணியாகக் கெட்டிப்படும். எங்கள் பிரஷ் உண்மையான விலங்கு முடிதான்.

முதல் புகார்: வாடை

புதிய பேட்ஜர் பிரஷை நனைத்தால் ஈரமான விலங்கின் வாடை வருவது வழக்கம்தான். அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இளஞ்சூடான தண்ணீரில் நனைத்து, சில துளி ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, உள்ளங்கையில் மெதுவாக நுரைத்து அலசுங்கள். அடுத்து நீங்கள் பயன்படுத்தும் சவர சோப்பிலேயே நன்றாக நுரை கட்டி, அந்த நுரையோடு ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் அலசலாம். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் போய்விடும். எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் அம்மாவே "இப்ப ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டார்.

கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிருமி நீக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். கொதிநீர் அதைக் கெடுத்துவிடும். முடிக்கற்றையைக் கைப்பிடிக்குள் பிடித்து வைத்திருக்கும் பசையும் இளகலாம். கை பொறுக்கும் சூடே போதும்.

வாரக்கணக்கில் கழுவியும் வாடை போகவில்லை, அல்லது போன வாடை புளித்த நாற்றமாகத் திரும்பி வருகிறது என்றால் அது வேறு பிரச்சினை. பிரஷ் சரியாகக் காயவில்லை என்று பொருள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் புகார்: குத்தல்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது முடியின் நுனியை. கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இயற்கையான நுனி ஊசி போல மெலிந்து முடியும். மலிவான பிரஷ்களில் வடிவம் வருவதற்காகச் சில சமயம் நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். அப்போது நுனி மொட்டையாக இருக்கும். மொட்டை நுனி காலமெல்லாம் குத்தும். கழுவினாலும் மாறாது, பழகினாலும் பெரிதாக மாறாது.

எங்கள் பிரஷில் நுனி மெலிந்துதான் இருந்தது. அப்படியென்றால் ஏன் குத்துகிறது? என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் அண்ணனிடம் பிரஷைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நனைத்துத் தன் புறங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். "தம்பி, அப்பா அமுக்குறாரு. இது கொஞ்சம் முரட்டு முடி. அமுக்கினா முடி மடங்கும், நடுப்பகுதிதான் தோல்ல படும். நுனி மட்டும் படுற மாதிரி ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பலவீனமான கையில் கட்டுப்பாடு குறைவு என்பதால் அப்பா முழு பலத்தோடு பிரஷை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். பிரஷின் முடி பாதிக்கு மேல் வளைந்தாலே அழுத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். சுவருக்குச் சாயம் அடிப்பது போல மேலும் கீழும் ஓட்டச் சொன்னோம். நுரை பரவிய பிறகுதான் வட்டம். சிகிச்சை அளித்தவரிடம் இதைச் சொன்னபோது, பலத்தைவிட அளவோடு பிடிக்கப் பழகுவதுதான் அப்பாவுக்கு இப்போது தேவை என்றார். பிரஷ் குத்தும்போது அழுத்தம் கூடிவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஊறவைப்பது. உலர்ந்த பேட்ஜர் முடி விறைப்பாக இருக்கும். சவரத்துக்கு முன் இரண்டு நிமிடம் இளஞ்சூட்டு நீரில் முடிப்பகுதியை மட்டும் ஊறவிடுங்கள். கைப்பிடி நீரில் மூழ்க வேண்டாம். மரக் கைப்பிடி என்றால் உப்பி வெடிக்கும்.

மூன்றாம் புகார்: நுரை வரவில்லை

எனக்குத் தெரிந்து அதிகமானவர்கள் பிரஷைக் கைவிடுவது இதற்காகத்தான். பெரும்பாலும் இதில் பிரஷின் மீது பழி இருக்காது.

முடிதிருத்தும் அண்ணன் பிரஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அப்பா என்ன கிரீம் போடுறாரு?" பேரங்காடியில் அம்மா வழக்கமாக வாங்கும் கிரீம். அட்டையை எடுத்துப் படித்தால், பிரஷ் இல்லாமல் விரலால் தடவும் வகை என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்த வகைக் கிரீம் நுரைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. உலகின் மிகச் சிறந்த பிரஷைக் கொண்டு அடித்தாலும் வழுவழுவென்று பூச்சாகத்தான் நிற்கும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரைக்கும் ஜெல்லுக்கும் பிரஷ் தேவையே இல்லை. பிரஷுக்கு ஏற்றது சவர சோப்பு வில்லை அல்லது நுரைக்கும் சவரக் கிரீம். பெயர் தெரியாவிட்டால் பொருள்பட்டியலைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முன்வரிசையில் இருந்தால் பெரும்பாலும் அது நுரைக்கும் வகைதான்.

அடுத்தது அளவு. நுரை என்பது சோப்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்த கலவை. சோப்பு குறைந்தால் பெரிய குமிழிகள் வந்து உடனே உடையும். தண்ணீர் குறைந்தால் நுரை பசை மாதிரி ஒட்டும், ரேஸர் இழுக்கும். ஊறிய பிரஷை இலேசாக ஓர் உதறு உதறி, சோப்பு வில்லையின் மேல் முப்பது விநாடி சுற்றுங்கள். முதலில் கெட்டியான பசைதான் வரும். பிறகு விரல் நுனியால் சில துளி தண்ணீர் விட்டு மறுபடி சுற்றுங்கள். மறுபடி சில துளி. தயிர் மாதிரி, குமிழி கண்ணுக்குத் தெரியாமல், பளபளப்பாக வந்தால் தயார். ஒரே தடவையாகத் தண்ணீரை ஊற்றினால் கெட்டுவிடும். தேநீர்க் கடையில் தே தாரேக் ஆற்றுபவர் காற்றைச் சேர்ப்பது போலத்தான் இதுவும், நிதானமாகச் செய்ய வேண்டும்.

அடர்த்தியான பிரஷில் இன்னொரு வித்தை உண்டு. நுரையை உள்ளேயே விழுங்கி வைத்துக்கொள்ளும். முகத்துக்கு வராது. அப்போது இரு விரலால் முடியின் அடிப்பகுதியிலிருந்து நுனிவரை மெதுவாகப் பிழிந்தால் நுரை வெளியே வரும். இரண்டாம் சுற்றுக்கு அதுவே போதும்.

கடைசியாகத் தண்ணீர். கடினநீரில் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து படிவமாகிவிடும், நுரை எழாது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குழாய் நீர் பெரும்பாலும் மென்மையானது என்பதால் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் உறவினர் வீட்டுக்குத் தமிழ்நாடு போயிருக்கும்போது அதே பிரஷும் அதே சோப்பும் ஏமாற்றினால் காரணம் இதுதான். ஒரு குவளை குடிநீரில் முயன்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கிரீமை மாற்றிய அன்றே அப்பாவின் முகம் முழுக்க நுரை. கிண்ணம் நழுவாமல் இருக்க அடியில் ஈரத் துண்டு விரித்துக் கொடுத்தோம். காது மடலிலும் கொஞ்சம் பூசிக்கொண்டார். அம்மா சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

நான்காம் புகார்: முடி கொட்டுகிறது

மூன்று புகார் தீர்ந்தது. நான்காவது தீரவில்லை.

புதிய பிரஷில் முதல் சில சவரங்களுக்கு இரண்டு மூன்று முடி உதிர்வது இயல்பு. கட்டும்போது பசையில் ஒட்டாமல் நின்ற முடிகள் அவை. பத்துச் சவரத்துக்குள் அநேகமாக நின்றுவிட வேண்டும். நிற்கிறதா என்று பார்க்க ஒரே வழி எண்ணுவதுதான். நான் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். முதல் வாரம் தினமும் நான்கைந்து. மூன்றாம் வாரம் பத்துக்கு மேல். ஒருநாள் நடுவிலிருந்து சிறு கற்றையாகவே கையோடு வந்துவிட்டது.

உதிரும் விதத்தைக் கவனியுங்கள். முழு நீளமாக, அடியோடு வந்தால் பசை பிடிக்கவில்லை. பாதியில் ஒடிந்த துண்டுகளாக வந்தால் முடி முறிகிறது. அழுத்தித் தேய்ப்பதாலோ, முறுக்கிப் பிழிவதாலோ, கொதிநீராலோ அப்படி ஆகலாம். இரண்டாவதைப் பழக்கத்தை மாற்றி நிறுத்தலாம். முதலாவதை வீட்டில் சரிசெய்ய முடியாது. உடனடிப் பசையை உள்ளே விட்டு ஒட்டும் யோசனை வேண்டாம். பசை முடியில் ஏறி இறுகினால் அந்த இடம் முள்ளாகிவிடும், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.

எங்களுடையது அடியோடு வரும் வகை. இணையத்தில் விற்றவர் முதலில் "இயற்கை முடி, அப்படித்தான் உதிரும்" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். நாட்காட்டிக் குறிப்பு, உதிர்ந்த முடியின் படம், பிரஷின் நடுவில் விழுந்த ஓட்டையின் படம், வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அக்கா மறுபடி எழுதினார். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்ற வரியும் அதில் இருந்தது. ஒரு வாரத்தில் முழுப் பணமும் திரும்பி வந்தது.

இதைப் பலர் அறிவதில்லை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவுசெய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. 260 ரிங்கிட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்கலாம். பற்றுச்சீட்டும் படமும் தேதியும் கையில் இருந்தால் பல நேரங்களில் அலைய வேண்டியே வராது.

வேறு என்ன வாங்கலாம்?

பணம் திரும்பியதும் இன்னொரு பேட்ஜர் வாங்குவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மாதான் கேட்டார்: "அந்த முடிய எப்படி எடுக்குறாங்க?" நியாயமான கேள்வி. 2018இல் பீட்டா ஆசியா என்ற விலங்குநல அமைப்பு சீனாவில் பேட்ஜர் பண்ணைகளின் நிலையைக் காட்டும் காணொளியை வெளியிட்டது. குறுகிய கம்பிக் கூண்டுகளில் விலங்குகள் அடைபட்டிருந்தன. அதன் பிறகு பல நிறுவனங்கள் பேட்ஜர் முடியைக் கைவிட்டன. பிரிட்டனில் பேட்ஜர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அங்கே செய்யப்படும் பிரஷ்களுக்கும் முடி வெளியிலிருந்துதான் போகிறது.

பன்றி முடிப் பிரஷ் இன்னொரு வகை. விலை குறைவு. முதலில் விறைப்பாக இருந்து, நாள்பட நுனி பிளந்து மென்மையாகும். பல்லினம் வாழும் நம் நாட்டில் அன்பளிப்பாக வாங்குமுன் யோசிக்க வேண்டிய வகையும் இதுதான். பன்றி, நாய் ஆகியவற்றின் பாகங்களால் ஆன பொருள்களில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று மலேசியாவில் 2013ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. 2017 பிப்ரவரியில் அப்படிக் குறிப்பிடாத சாயத் தூரிகைகளை உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் கடைகளில் பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். முஸ்லிம் நண்பருக்கோ சக ஊழியருக்கோ வாங்கினால் இழை எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, செயற்கை இழை. பழைய நைலான் பிரஷ்களை வைத்து இதை எடைபோட வேண்டாம். இன்றைய மெல்லிய இழைகள் முதல் நாளிலிருந்தே மென்மையாக இருக்கின்றன. ஊறவைக்க வேண்டியதில்லை, வாடை இல்லை, சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீரை இழை உறிஞ்சாது, இழைகளுக்கு இடையில்தான் பிடித்து வைக்கும் என்பதால் நுரைக்குத் தேவையான தண்ணீரும் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான். அதே உருண்டைக் கைப்பிடி, 75 ரிங்கிட்.

பழம்பொருள் கடையில் கிடைக்கும் நூறாண்டுப் பிரஷ் மீது ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் உலகப்போரின்போது பேட்ஜர் முடி வரத்துத் தடைபட்டதால், குதிரை முடியைப் பேட்ஜர் போலத் தோன்றும்படி செய்து பிரஷ்கள் விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்கப்படாத அந்த முடி வழியாகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது; சிலர் இறந்தும் போனார்கள். அந்தக் காலத்துப் பிரஷ் கிடைத்தால் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். முகத்துக்கு வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் பராமரிப்பு

ஐரோப்பியர் எழுதும் குறிப்புகள் நமக்கு முழுதாகப் பொருந்தாது. நம் காற்றிலேயே ஈரம் அதிகம். சவரம் முடிந்ததும் சோப்பு முழுதும் போகும்வரை அலசுங்கள். முறுக்காமல் கையால் பிழிந்து, உதறி, துண்டில் இரண்டு முறை ஒற்றி எடுங்கள். தொங்கவிடுவதா நிறுத்திவைப்பதா என்று பெரிய விவாதமே உண்டு. காற்றோட்டம்தான் முக்கியம். கதவு மூடிய குளியலறையிலும் மூடிபோட்ட பெட்டியிலும் ஈரப்பிரஷ் பூஞ்சை பிடிக்கும். சன்னலோரம் வையுங்கள், நேர்வெயில் வேண்டாம். தினமும் சவரம் செய்பவர் இரண்டு பிரஷ் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டுமே நன்றாகக் காயும்.

மாதம் ஒருமுறை ஷாம்புக் குளியல். முடியின் அடியில் வெள்ளையாகச் சோப்புப் படிந்து விறைத்திருந்தால், ஒரு குவளை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து சில நிமிடம் முடியை மட்டும் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். நாள்பட்டு நுரைக்க மறுக்கும் பழைய பிரஷ் இப்படி உயிர் பெற்றதுண்டு.

சுருக்கமாகச் சொன்னால், வாடை என்றால் கழுவுங்கள். குத்தினால் நுனியையும் அழுத்தத்தையும் பாருங்கள். நுரைக்காவிட்டால் முதலில் கிரீமின் அட்டையைப் படியுங்கள். முடி அடியோடு கொட்டினால் எண்ணுங்கள், படம் எடுங்கள், திருப்பிக் கொடுங்கள். புதிய பிரஷ் வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பா இப்போது இடது கையின் உதவி இல்லாமல் கன்னம் இரண்டுக்கும் தாடைக்கும் நுரை போடுகிறார். மூக்குக்குக் கீழே மட்டும் இன்னும் பிசகுகிறது, உதட்டில் சோப்பு ஏறிவிடுகிறது. அடுத்த மாதத்துக்கு அந்த இடத்தைத்தான் இலக்காக வைத்திருக்கிறார்.